நம்ம நாட்டுப் பணமா, இந்த ஊர்ப் பணமா?

ஒன்பதாவது மாடியே அதிர்ந்தது அந்த அலறலில்!

ஓட்டல் அறையைச் சுத்தம் செய்ய வந்த பெண் துண்டுகளைப் போட்டது போட்டபடி லிஃப்டுக்கு ஓடினாள். மணி பகல் ஒன்று.

கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே அவர் கிடந்தார்.

கழுத்தில் இஸ்திரிப் பெட்டியின் ஒயர் மூன்று சுற்று. இடது நெற்றிப்பொட்டு உள்ளே போயிருந்தது. பெட்டியின் முனையில் ரத்தமும் முடியும்... கொன்றவனுக்கு ஒரு தடவை கொன்றது போதவில்லை.

செத்தவர் ஒரு பேங்கில் கிரெடிட் கார்டு அதிகாரி. ஆபீஸில் 'ரேட்டு சார்' என்றால்தான் தெரியும். மனைவியையும் தம்பியையும் அழைத்துக்கொண்டு வெளிநாட்டுச் சுற்றுலா வந்து நாலு நாள்தான் ஆகிறது.

பிணத்தை எடுக்கும் முன்பே, அந்த அறையிலேயே விசாரணை. வந்த இன்ஸ்பெக்டர் அந்த ஊர்க்காரர். ஆனால் வீட்டில் தமிழ் பேசுகிறவர். அது தங்கள் அதிர்ஷ்டம் என்று அண்ணியும் கொழுந்தனும் நினைத்தார்கள். பாவம்.

"பத்து மணிக்கும் பன்னெண்டரைக்கும் நடுவுல செத்திருக்கார்னு டாக்டர் சொல்றார். நீங்க எங்கம்மா இருந்தீங்க?"

"ஒன்பதரைக்கு நீச்சல் குளத்துக்குப் போனேன் சார். பதினொன்னேகாலுக்கு அங்கேர்ந்து நேரா கீழே பியூட்டி பார்லர். நீங்க ஆள் அனுப்பினப்பதான் மேலே வந்தேன்..."

உண்மைதான். இரண்டு இடத்துக் கேமராவிலும் அவள் இருந்தாள். ஒன்பதாவது மாடிக் கேமராதான் ரிப்பேர்.

"தம்பி, நீங்க?"

"கடைத்தெருவுல சுத்திட்டு, பதினொன்னேமுக்காலுக்குப் படகு ஏறினேன். ஒன்றரைக்குத்தான் கரை இறங்கினேன். இதோ டிக்கெட்."

"அதுக்கு முன்னாடி அண்ணனைக் கொன்னுட்டு ஏறியிருக்கலாமே?"

தம்பிக்குக் கோபம் வந்தது. வந்த மாதிரி காட்டினான்.

"அண்ணன் ஃபோனைப் பாருங்க சார். பதினொன்னு இருபத்தொன்பதுக்குக் கடைத்தெருவுல பை வாங்கியிருக்கார். கார்டு தேய்ச்சு, ரகசிய நம்பர் போட்டு! அங்கேர்ந்து ஓட்டலுக்கு டாக்ஸியிலயே இருபத்தஞ்சு நிமிஷம். அவர் இங்கே வந்து சேரும்போது நான் நடுக்கடல்ல இருக்கேன்."

கணக்கு சரியாகத்தான் இருந்தது. பேங்க் அனுப்பிய மெசேஜ் செத்தவரின் ஃபோனில் பளிச்சென்று நின்றது. கார்டையும் வாங்கின பையையும்தான் காணவில்லை. எவனோ வழிப்பறித் திருடன் பின்னாலேயே வந்து தீர்த்துக் கட்டியிருக்கிறான் என்று கேஸை மூடிவிடலாம்.

இன்ஸ்பெக்டர் ஃபோனை மனைவியிடம் நீட்டினார்.

அவள் படித்தாள். மறுபடி படித்தாள்.

"சார்... இது அவர் இல்லை."

"எப்படிச் சொல்றீங்க?"

"தொகை எங்க நாட்டுப் பணத்துல வந்திருக்கு. வெளிநாட்டுக் கார்டைப் போட்டா மெஷின் ஒரு கேள்வி கேக்கும். 'உங்க நாட்டுப் பணமா, இந்த ஊர்ப் பணமா'ன்னு. நம்ம பணம்னு அழுத்தினா, கடை மெஷின் வச்சதுதான் ரேட்டு. நூத்துக்கு ஏழு ரூபா தண்டம். ஊர்ப் பணம்னு அழுத்தினா பேங்க் ரேட்டு, குறைச்சல். இதை எங்க தேனிலவுலயே ஒரு மணி நேரம் எனக்குப் பாடம் எடுத்த மனுஷன் சார் அவர். உயிரே போனாலும் நம்ம பணத்தை அழுத்த மாட்டார்."

"அப்ப கார்டு போட்டது வேற ஆள். அவர் அதுக்கு முன்னாடியே செத்திருக்கலாம்..." இன்ஸ்பெக்டர் தாடையைத் தடவினார். "ரகசிய நம்பர் யாருக்கெல்லாம் தெரியும்?"

"எனக்கு." அவள் விரல் மெல்ல உயர்ந்தது. "அப்புறம் இவருக்கு."

தம்பி துள்ளி எழுந்தான்.

"அண்ணி... என்ன பேசறீங்க?"

கான்ஸ்டபிள் ஒருவர் அவன் தோளை அழுத்தி உட்காரவைத்தார். இன்ஸ்பெக்டர் பைக்கடைக்கு ஃபோன் போட்டார். விற்பனைப் பெண் நன்றாகவே ஞாபகம் வைத்திருந்தாள்.

"தொப்பி, முகமூடி, கறுப்புக் கண்ணாடி. மெஷின் கேள்வி கேட்டதும் அந்த ஆள் திருதிருன்னு முழிச்சார் சார். யாருக்கோ ஃபோன் போட்டுக் கேட்டுட்டுத்தான் அழுத்தினார்."

இன்ஸ்பெக்டர் தம்பியின் சட்டைப் பையிலிருந்து ஃபோனை உருவினார். அவன் விரலைப் பிடித்து வைத்துத் திறந்தார்.

பதினொன்று இருபத்தெட்டு. நாற்பது விநாடி.

அழைக்கப்பட்டவர்... அண்ணி!

"அழிச்சிடச் சொன்னேனே..." முணுமுணுத்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள். வார்த்தை வெளியே போய்விட்டது.

"ரெண்டு பேரும் சேர்ந்து போட்ட திட்டமா? அதுல உங்களுக்கு ஒரே கல்லுல ரெண்டு மாங்காய்" என்றார் இன்ஸ்பெக்டர். "புருஷன் பரலோகத்துக்கு. கொழுந்தன் தூக்குக்கு."

தம்பிக்கு அப்போதுதான் புரிந்தது.

"எதை அழுத்தட்டும்னு உன்கிட்டதானே கேட்டேன்? நம்ம பணத்தை அழுத்துன்னியே... மாட்டிவிடத்தான் சொன்னியா?"

"யாரைப் பார்த்து 'நீ'ங்கறே? மரியாதை!"

"கூடப் பிறந்தவனை என் கையால கொன்னேனே... உனக்காகத்தானேடி!"

கான்ஸ்டபிளின் மூக்கில் முழங்கை இறங்கியது. மேஜையில் மோதிக் கண்ணாடி ஜாடி உடைந்தது. உடைந்த விளிம்பை அவன் அவள் முகத்தில் இறக்கினான். காதிலிருந்து தாடை வரை கிழிந்தது. அவள் கூந்தலைப் பிடித்துத் தலையைச் சுவரில் மோதினான். ஒரு முறை... இரண்டு முறை... அடுத்தது கழுத்து!

டுமீல்!

தோளில் பட்டும் அவன் விடவில்லை.

டுமீல்!

இரண்டாவது, நெஞ்சில். அண்ணனின் காலடியிலேயே விழுந்து, இரண்டு தடவை உதறி அடங்கினான்.

கன்னத்தில் கட்டு, கையில் விலங்கு. லிஃப்ட் வாசலில் அவள் இன்ஸ்பெக்டரைப் பார்த்துக் கெஞ்சினாள்.

"சார்... என்னை எங்க நாட்டுக்கே அனுப்பிடுங்க. கேஸ் அங்கே நடக்கட்டும். அங்கேன்னா வக்கீல் வச்சுப் பத்து வருஷத்துல வெளியே வந்திடுவேன். இங்கே கொலைக்குத் தூக்காமே..."

இன்ஸ்பெக்டர் லிஃப்ட் பட்டனை அழுத்தினார்.

"சரக்கு எடுத்தது இங்கேம்மா. பில்லும் இந்த ஊர் ரேட்டுலதான்."