மஞ்சளாகிப்போன ராணி

அவளை வகுப்பில் எல்லோரும் முட்டக்கண்ணி என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் கண்ணுக்குத் தப்புவது எதுவும் இல்லை.

வகுப்பறை ஜன்னலோரத்துத் தொட்டியில் இரண்டு சிக்லிட் மீன்கள் இருந்தன. பெரிய மஞ்சள் மீன் ராஜா. சின்ன நீல மீன் ராணி. ஜோடி என்று சொல்லித்தான் கடையில் கொடுத்திருந்தார்கள். குஞ்சு பொரித்தால் யார் யாருக்கு என்று வகுப்பு லீடர் பட்டியலே போட்டுவிட்டாள்.

வியாழக்கிழமை முட்டக்கண்ணி தொட்டியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றாள்.

"ஏய், ராணி மஞ்சளாயிட்டு வருது!"

"காமாலையா இருக்கும். டாக்டரக் கூப்பிடு!" என்றாள் லீடர். வகுப்பே சிரித்தது. லீடர் அவளுடைய உயிர்த்தோழி. அதனால் அந்தச் சிரிப்பு கொஞ்சம் கூடுதலாகவே சுட்டது.

மாலையில் அவள் மீன்கடைக்குப் போனாள்.

"இந்த வகையில குட்டிங்க எல்லாமே நீலந்தான்மா," என்றார் கடைக்காரர். "பொண்ணு நீலமாவே இருக்கும். ஆண் வளர வளர மஞ்சளாயிடும். அடித்துடுப்புல முட்டை மாதிரி பொட்டும் பளிச்சுன்னு தெரியும்."

"ரெண்டும் ஆணா இருந்தா?"

"சின்னத் தொட்டியா? அப்ப ஒண்ணுதான் மிஞ்சும்."

வெள்ளிக்கிழமை காலையில் ராணியின் அடித்துடுப்பில் இரண்டு பொட்டுகள் தெரிந்தன. வாலில் பாதியைக் காணோம். ராஜா அதைத் தொட்டி முழுக்க விரட்டிக்கொண்டிருந்தது.

"டீச்சர், ராணி பொண்ணு இல்ல, ஆணு! ராஜா அதைக் கொன்னுடும்!"

டீச்சர் விடைத்தாள் கட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "திங்கட்கிழமை பாக்கலாம்மா."

மீனுக்குத் திங்கட்கிழமை தெரியுமா? மாலை மணி அடித்ததும், பென்சில் போட்டு வைக்கும், சுற்றிலும் ஓட்டைகள் உள்ள பிளாஸ்டிக் கூடையைக் கழுவி, ராணியை அதற்குள் விட்டாள். கூடையைத் தொட்டிக்குள்ளேயே கட்டித் தொங்கவிட்டு வீட்டுக்குப் போனாள்.

திங்கட்கிழமை காலை கூடை அலமாரியில் காய்ந்து கிடந்தது. ராணி தண்ணீரில் பக்கவாட்டில் மிதந்தது. துடுப்புகள் நார் நாராகக் கிழிந்திருந்தன.

"இவதான் டீச்சர் கூடையில அடைச்சா! அதான் செத்துப்போச்சு!" என்று பின்பெஞ்சு கத்தியது.

வெள்ளிக்கிழமை கடைசியாக வகுப்பைப் பூட்டியது லீடர். முட்டக்கண்ணி திரும்பிப் பார்த்தாள். லீடர் அலமாரியில் கிடந்த கூடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லிவிடலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

"கூடையில போட்டது நான்தான் டீச்சர். ரெண்டும் ஆணு. சண்டை போடும்னுதான் பிரிச்சேன்."

திடீரென்று லீடர் ஓவென்று அழுதாள்.

"நான்தான் டீச்சர் கூடையிலேருந்து வெளிய விட்டேன். தனியா கெடந்துச்சு, பாவமா இருந்துச்சு..."

டீச்சர் தொட்டியருகே வந்தார். "இவ வெள்ளிக்கிழமையே எங்கிட்ட சொன்னா," என்றார் மெதுவாக. "நான்தான் காது குடுக்கல."

ராணியை விளையாட்டு மைதானத்தின் ஓரத்தில் புதைத்தார்கள். முட்டக்கண்ணி அழவில்லை. லீடர் தோளில் கை போட வந்தபோது, ஷூ நாடாவைக் கட்டுவதுபோல் குனிந்துகொண்டாள்.

அடுத்த வாரம் டீச்சர் அவளைக் கடைக்குக் கூட்டிப்போய்ப் பெரிய தொட்டி வாங்கினார். ராஜா அளவுக்கு வளர்ந்தும் நீலம் மாறாத மூன்று பெண் மீன்களை அவள் தேடி எடுத்தாள். ஒவ்வொரு மீனாகக் குனிந்து குனிந்து காட்டிய கடைக்காரருக்குக் கழுத்தே வலித்துவிட்டது.

மறுநாள் லீடர் ஓர் அட்டையைக் கொண்டுவந்து தொட்டியில் ஒட்டினாள். 'மீன்களைத் தொடும் முன் முட்டக்கண்ணியைக் கேட்கவும்.'

"சரியா இருக்கா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

முட்டக்கண்ணி இரண்டு முறை படித்தாள். பிறகு, கோணலாக இருந்த அட்டையை நேராக்கினாள்.

"சரியாத்தான் இருக்கு. அந்த வெள்ளிக்கிழமையே ஒட்டியிருக்கலாம்."