இதமி சொன்ன பதில்

ஒரகடத்து ஜப்பானியர்கள் யாரும் இப்போது தத்தித் தத்தி ஆங்கிலம் பேசுவதில்லை. எல்லார் கழுத்திலும் இதமி ஒட்டியிருக்கிறது. கோலிக்குண்டு அளவுதான். பதிலை மனசுக்குள் நினைத்து உதட்டை லேசாக அசைத்தால் போதும். தொண்டை நரம்பில் அதைப் படித்து, அவரவர் குரலிலேயே வழவழவென்ற ஆங்கிலமாக்கி வெளியே விட்டுவிடும்.

அந்த வழவழப்பெல்லாம் தில்லைநாயகியின் உபயம். கார்த் தொழிற்சாலையில் ஜப்பானியப் பொறியாளர்களுக்கு ஆங்கில உரையாடல் வகுப்பு எடுப்பவள், தன் பாடங்களை மொத்தமாக இதமி செய்பவர்களுக்கு விற்றிருந்தாள். இதமி பேசக் கற்றது அவற்றிலிருந்துதான். வகுப்பில் யாராவது 'முடியாது' என்று நேராகச் சொல்லிவிட்டால், "காட்டுமிராண்டிகூட இப்படிப் பேச மாட்டான்" என்று எல்லார் காதிலும் விழச் சொல்லிச் சிரிப்பாள். ஐம்பது வயது ஆட்கள் தலையைக் குனிந்துகொள்வார்கள். மரமண்டைகள் என்பது அவள் எண்ணம். மெத்தப் படித்த திமிர், வேறென்ன.

இதமி வந்தபிறகு வகுப்பே எதற்கு என்ற பேச்சு கிளம்பியது. ஸ்ரீசிட்டியில் ஒரு பள்ளி அவளை வேலைக்குக் கூப்பிட்டிருந்தது. அன்று மாலைக்குள் பதில் சொல்லியாக வேண்டும். ஆலைத் தலைவர் நிஷிமோரி அவளுடைய பழைய மாணவர். அவரிடமே போய் ஆங்கிலத்தில் கேட்டாள்: "வகுப்பு தொடருமா? எனக்காகப் பேசுவீர்களா?"

நிஷிமோரியின் உதடு அசைந்தது. இதமி பேசியது. "உங்கள் வகுப்பு எங்களுக்குக் கிடைத்த பேறு. என்னால் ஆனதை அவசியம் யோசித்துப் பார்க்கிறேன். உங்களைப் போன்றவரை இழக்க யாருக்குத்தான் மனம் வரும்?"

அம்மணிக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். படிக்கட்டில் நின்றபடியே ஸ்ரீசிட்டிக்குப் போன் போட்டு, வரவில்லை என்று சொல்லிவிட்டாள்.

மறுநாள் பணியாளர் பிரிவு இருதயராஜ் அவளுடைய அடையாள அட்டையைக் கேட்டார்.

"வகுப்ப நிறுத்திட்டாங்க மேடம். போன வாரமே முடிவாயிடுச்சு. சார் சொல்லலியா?"

"நேத்துகூட பேசினேனே. என்னை இழக்க யாருக்கு மனசு வரும்னாரு."

"அவரா சொன்னாரு? அது சொல்லியிருக்கும் மேடம்."

தில்லைநாயகி நிஷிமோரியின் அறைக்குள் நுழைந்தாள். "அதைக் கழற்றிவிட்டுப் பேசுங்கள்."

அவர் இதமியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். மனிதருக்கு வியர்த்துவிட்டது. சொந்த ஆங்கிலம் நொண்டிக்கொண்டு வந்தது.

"நேற்று நான்... உள்ளே... முடியாது சொன்னேன். வேறு வேலை போங்கள், சொன்னேன். இது வேறு சொன்னது."

"உங்கள் காதில் விழவில்லையா? ஏன் தடுக்கவில்லை?"

"முடியாது சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். எல்லோரும் பார்ப்பார்கள். உங்கள் வகுப்பு... எனக்குப் பயம். பிடிக்காது."

இத்தனை வருடத்தில் மாணவர் ஒருவர் அவளிடம் உண்மை பேசியது அப்போதுதான். அவள் முகம் சிவந்தது. பழக்கதோஷம், வாய் தானாகத் திறந்தது.

"இப்படியா பேசுவார்கள்? கேட்பவர் மனசு என்னவாகும்? ஒழுங்காக, மறுபடி சொல்லுங்கள்."

நிஷிமோரி தலையைக் குனிந்துகொண்டார். இதமியை எடுத்துக் கழுத்தில் ஒட்டிக்கொண்டு உதட்டை அசைத்தார்.

"உங்களிடம் கற்ற நாட்களை என்னால் என்றைக்கும் மறக்க முடியாது," என்று ஆரம்பித்து இதமி பேசிக்கொண்டே போனது. இருந்த வேலையும் போய், வந்த வேலையையும் தானே உதைத்துத் தள்ளியவள் நின்று கேட்டாள். வெட்கக்கேடு, அவளுக்கு மனசு குளிர்ந்தது. இன்னும் கொஞ்சம் சொல்லமாட்டாரா என்றிருந்தது.