ஏழாம் நம்பர் டோக்கன்

மாலை ஆறு மணிக்குக் குளிர்கிடங்கைப் பூட்டப் போன காவலாளி, வாசல் ஆணியில் ஒரு டோக்கன் தொங்குவதைப் பார்த்தார். உள்ளே போகிறவர் தன் டோக்கனை அங்கே மாட்டவேண்டும், வெளியே வந்ததும் எடுத்துக்கொள்ளவேண்டும். ஆணி காலியானால்தான் பூட்டு. ஆட்கள் எல்லோரும் போய் அரைமணி நேரம் ஆகியிருந்தது. டோக்கனில் இருந்த எண் ஏழு.

ஏழு, குட்டையனுடையது. பெட்டி தூக்குகிறவன். "அண்ணே, என்னை உள்ள வச்சுப் பூட்டிராதீங்க. உறைஞ்சு போனா எம் பொண்டாட்டிக்கே அடையாளம் தெரியாது" என்று தினமும் கிண்டலடிப்பான். போன வருடம் ஒரு மாலை இதே ஆணியில் இதே டோக்கன் தொங்கியது. உள்ளிருந்து தட்டும் சத்தமும் கேட்டது. அன்று அவர் மேலாளருக்குப் போன் செய்தார்.

"எடுக்க மறந்துட்டுப் போயிருப்பான்யா. அது மெஷின் சத்தம். திறந்தா குளிர் போயிடும், பூட்டு."

"சரி சார்."

சாவி அவர் கையில்தான் இருந்தது. பூட்டினார். காலையில் குட்டையனைப் பிணமாகத்தான் எடுத்தார்கள். விசாரணையில், "மேலிடம் சொன்னாங்க, செஞ்சேன்" என்றார். தட்டும் சத்தத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. குட்டையன் மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களுக்குத் தெரிஞ்சிருந்தா திறந்திருப்பீங்கண்ணே" என்று அழுதாள். அன்றிலிருந்து அவருக்குக் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்க்கவே கூசியது.

இப்போது ஈரச்சாக்கும் இரும்பும் கலந்த வாடை கதவிடுக்கில் கசிந்தது. மெஷினின் உறுமல் காலடித் தரையில் அதிர்ந்துகொண்டிருந்தது. அதற்கும் அடியில், மெதுவாக, களைத்துப்போன கையால் தட்டுவது போல், மூன்று தட்டு.

அவர் கை தானாகப் போனை எடுத்தது. விரல் தானாக மேலாளர் எண்ணுக்குப் போனது. சீ, இன்னுமா? வெட்கம் பிடுங்கித் தின்றது. போனையும் சாவியையும் வெளியே முக்காலியில் வைத்துவிட்டுக் கதவைத் திறந்தார்.

வெண்புகை. அடுக்கிய பெட்டிகள். யாருமில்லை.

"குட்டையா, வந்துட்டேன்டா."

பின்னால் கதவு சாத்திக்கொண்டது.

தள்ளினார். அசையவில்லை. தட்டினார். மூன்று தட்டு.

வெளியே யாரோ போனில் பேசினார்கள். அவருடைய சொந்தக் குரல். அதே இருமல், அதே பணிவு.

"சார், உள்ள யாரோ தட்டுறாங்க."

அவர் இன்னும் பலமாகத் தட்டினார்.



"சரி சார்."

சாவி திரும்பியது.