நெடுங்கரை ராஜாவின் இன்னொரு மகள்

தண்டையார்பேட்டையைக் கடந்ததும் கண்டெய்னர் லாரிகளின் வரிசையில் கார் சிக்கிக்கொண்டது. தொண்ணூற்றெட்டாம் ஆண்டின் ஐப்பசி மாதம். நடுப்பகல் கழிந்து சிறிது நேரமே ஆகியிருந்தும், எண்ணூர் நெடுஞ்சாலையில் எல்லா வண்டிகளும் முகப்பு விளக்கை எரியவிட்டிருந்தன. கடலின் மேல் கருமேகம் கவிந்து கிடந்தது. மணலிப் பக்கமிருந்து வீசிய காற்றில் அழுகிய முட்டையின் நெடி. பின்னிருக்கையில் அமர்ந்திருந்த பத்மாசனி, புடைவைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டாள்.

அவள் மடியில் ஒரு கூடை இருந்தது. அதில் ஒரு கூஜாவில் பசும்பால். ஒரு துணி முடிப்பில் நெடுங்கரை அரண்மனை வாசலில் அள்ளிய மண். அவளுடைய தாயின் காசுமாலையிலிருந்து கழற்றிய ஒரு பொற்காசு.

சாகக் கிடப்பவரின் உயிர் பிரியாமல் இழுத்துக்கொண்டிருந்தால், அது எதற்கோ ஏங்குகிறது என்பார்கள். பாலுக்கு ஏங்கினால் பால். மண்ணுக்கு ஏங்கினால் மண்ணைக் கரைத்த நீர். பொன்னுக்கு ஏங்கினால் பொன்னை உரைத்த நீர். அதை அவர் பெற்ற பிள்ளை தன் கையால் வாயில் விட வேண்டும். எந்தச் சொட்டோடு உயிர் அடங்குகிறதோ, அந்தச் சொட்டை விட்டவரே பிள்ளை.

அந்தக் கடைசிச் சொட்டு தன் கையிலிருந்து விழ வேண்டும். பத்மாசனிக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. ஜமீன் ஒழிப்புச் சட்டத்தில் போயிற்று. எஞ்சிய நிலம் வழக்கில் கரைந்தது. பங்கு கேட்டு இன்னொருத்தி வாசலில் வந்து நின்றிருந்தால், பாதியை எறிந்துவிட்டுத் திரும்பியிருப்பாள். சாகும் வேளையில் தந்தையின் கண் யார் முகத்தில் நிற்கும் என்பதை மட்டும் பங்கு போட முடியாது.

அந்த இன்னொருத்தியின் பெயர் வாருணி.

நெடுங்கரை ஜமீனின் முதல் அரசன் நாககன்னியின் வயிற்றில் பிறந்தவன் என்று குலக்கதை சொல்லும். ஜமீனின் முத்திரையில் வாளுக்குக் கீழே படம் விரித்த நாகம் இருந்தது. விருந்தினருக்கெல்லாம் பெருமையோடு காட்டினார்கள். ஆனால் கடைசி ராஜா, திருவொற்றியூர்க் கடற்கரை வீட்டில், கடலுக்குள் வாழும் ஒரு நீரரமகளிடம் ஒரு பெண் பிள்ளையைப் பெற்றபோது, அந்தச் செய்தியை வேலைக்காரர் நாவிலும் வாழவிடவில்லை. ஆயிரம் ஆண்டுக்கு முன் நடந்திருந்தால் குலப்பெருமை. நேற்று நடந்ததால் குலக்கேடு.

பத்மாசனி அந்தப் பெண்ணை ஒரே ஒருமுறை பார்த்திருந்தாள். அப்போது அவள் சிறுமி. கடற்கரை வீட்டுக்கு அழைத்து வரப்பட்டவள், பின்கட்டுச் சன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். அரண்மனையில் தன் மகளின் தலையை ஒருநாளும் தொட்டறியாத தந்தை, ஈர மணலில் மண்டியிட்டு, தன் பட்டு அங்கவஸ்திரத்தால் ஒரு குழந்தையின் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தார். குழந்தை கையை விரித்தது. விரல்களுக்கு இடையே, மீன் துடுப்பைப் போல, வெயில் ஊடுருவும் மெல்லிய தோல் இருந்தது. ராஜா அந்த விரலிடுக்குகளில் ஒவ்வொன்றாக முத்தமிட்டார்.

பத்மாசனிக்கு அருவருப்பு தோன்றவில்லை. தன் விரல்களுக்கு இடையே ஒன்றும் இல்லையே என்றுதான் தோன்றியது.

அதே கடற்கரை வீட்டின் முன் கார் நின்றது.

"அம்மா, அலை ரோட்டு மேல ஏறிகினு கீது," என்றான் ஓட்டுநர் மனோகரன். "சீக்கிரமா கெளம்பிட்டா நல்லதும்மா. அப்பால இந்த வழி மாட்டிக்கும்."

"கூப்பிடும்போது வண்டியை எடு. போதும்," என்று இறங்கினாள்.

தெருவில் அதுவே கடைசி வீடு. முன்பு அதன் பின்னால் மணல்வெளியும் பக்கத்தில் இரண்டு தெருக்களும் இருந்தன. கடல் அவற்றைத் தின்றுவிட்டது. இப்போது பின்சுவரை ஒட்டி அலைதடுப்புப் பாறைகள் குவிந்திருந்தன; ஒவ்வோர் அலையும் அவற்றின் சந்துகளில் புகுந்து, தொண்டையைச் செருமுவது போன்ற ஒலியோடு வெளியேறியது.

வாசலில் செருப்பை ஒழுங்காக ஜோடி சேர்த்து வைத்துவிட்டு நிமிர்ந்தாள். ராஜாவைப் பார்த்துக்கொள்ளும் கெங்கம்மா எதிரே நின்றாள். முதல் தடவையாகப் பார்க்கும் அவள், பத்மாசனியின் முகத்தை வெட்கமின்றி உற்றுப் பார்த்தாள்.

"வாம்மா. உசுரு தொண்டைல வந்து நின்னுகினு கீது. போவவும் மாட்டேங்குது, திரும்பவும் மாட்டேங்குது." பிறகு, தனக்குள் சொல்வது போல, "அப்டியே அது மூஞ்சி. அச்சு அசலு. கை மட்டுந்தான் வேற," என்றாள்.

"எது மூஞ்சி?"

"உன் தங்கச்சி மூஞ்சிதான். வேற யாரு?"

"எனக்குத் தங்கை கிடையாது," என்று பத்மாசனி உள்ளே நடந்தாள்.

அறையில் மின்சாரம் இல்லை. தலைமாட்டில் ஒரு மண்ணெண்ணெய் விளக்கு எரிந்தது. உப்பும் பாசியும் கலந்த ஈர நாற்றம். கட்டிலின் அருகே ஒரு வாளி நிறையக் கடல்நீர். அதில் நனைத்த துணியால் துடைத்தால்தான் ராஜா முனகாமல் கிடப்பார் என்று கெங்கம்மா சொன்னாள். அவரோ எலும்பும் தோலுமாகச் சுருங்கியிருந்தார். கண்கள் மட்டும் விழித்திருந்தன. அவை பின்கதவில் நிலைத்திருந்தன.

"அய்யா," என்று குனிந்தாள் பத்மாசனி. அரண்மனையில் பிள்ளைகள் அப்படித்தான் அழைக்க வேண்டும். "நான் வந்திருக்கேன்."

மங்கிப்போன அந்தக் கண்கள், அவள் முகத்தின் மேல், சுவரின் மேல் நகர்வதைப் போல நகர்ந்தன. மீண்டும் கதவுக்குப் போயின.

பால் விட்டாள். உதடுகள் இறுகின, பால் தாடையில் வழிந்தது.

மண்ணைக் கரைத்து விட்டாள். வழிந்தது.

பொன்னை உரைத்து விட்டாள். ராஜா பல்லைக் கடித்தார்.

"மண்ணுக்கு ஏங்குற உசுரு இல்லம்மா இது," என்றாள் கெங்கம்மா. "புள்ளைக்கு ஏங்குது. அது வர்ற நேரந்தான். பின்கதவ தெறந்து வையி. வந்து ஒரு வாய் ஊத்திச்சுன்னா நிம்மதியா போயிடுவாரு."

"அந்தக் கதவைத் தாழ் போடு."

"இன்னாமா பேசுற?" கெங்கம்மாவின் குரல் உயர்ந்தது. "உனுக்கு காரு கீது, பங்களா கீது, ஊட்டுக்காரரு கீறாரு. அதுக்கு இன்னா கீது? கல்லு சந்துல ஒரு எடம். இந்தக் கெயவன் ஒருத்தருதான். அதுலயும் பங்கு இல்லன்னா எப்டி?"

"தாழ் போடு என்றேன்."

கெங்கம்மா அசையவில்லை. பத்மாசனியே எழுந்து சென்று இரும்புத் தாழைத் தள்ளினாள்.

தள்ளிய கையை அவள் எடுக்கவில்லை.

மறுபுறம், கதவின் கீழ்ப் பகுதியில், ஏதோ பட்டது.

விரல் முட்டியால் தட்டிய ஒலி அன்று. ஈரமான உள்ளங்கை பலகையில் ஒட்டி, மெல்லப் பிரியும் ஒலி.

மீண்டும்.

சற்று மேலே மீண்டும்.

கதவடியில் நீர் கசிந்து பரவியது. அவள் கால்விரல்களைத் தொட்டது. அது சில்லென்று இல்லை. உடம்புச் சூட்டோடு இருந்தது.

கட்டிலில் ராஜாவின் தலை உயர்ந்தது. எத்தனையோ நாளாகப் பேசாத வாய் ஒரு பெயரின் வடிவத்தில் குவிந்தது. அந்தப் பெயர் தன்னுடையதன்று என்பதை அந்த மங்கிய விளக்கொளியிலும் பத்மாசனி கண்டுகொண்டாள். சிறுமியாகச் சன்னலில் நின்றபோது நெஞ்சில் விழுந்த அதே சூடு, இத்தனை ஆண்டுக்குப் பின்னும் சற்றும் ஆறாமல், மீண்டும் விழுந்தது.

அவள் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"அவள் இவரை எப்படிக் கூப்பிடுவாள்?"

"நைனான்னு. வேற எப்டி கூப்புடும்?"

தெருச் சொல். ராஜாவை, நெடுங்கரை ராஜாவை, தெருச் சொல்லால்.

"நீ போய்த் தெருவில் நாலு பேரை அழைத்துவா. முடியப்போகிறது."

"அந்தப் புள்ளய..."

"போ."

கெங்கம்மா அவளையும் கதவையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு மழையில் இறங்கினாள்.

பத்மாசனி கூந்தலை அவிழ்த்தாள். வாளியை இரு கைகளாலும் தூக்கித் தன் தலையில் கவிழ்த்துக்கொண்டாள். உப்பு நீர் கண்ணிலும் வாயிலும் இறங்கியது. பட்டுப் புடைவை தோலோடு ஒட்டியது. விளக்கைக் குனிந்து ஊதினாள்.

கதவைத் தட்டும் ஒலி சட்டென்று நின்றது.

யாரோ மறுபுறம் பலகையில் காதை வைத்துக் கேட்பது போன்ற அமைதி.

"நைனா," என்றாள் பத்மாசனி. "வந்துட்டேன்."

இருளில் அவர் மூச்சு மாறியது. ஈரக் கூந்தலின் மேல் ஒரு கை வந்து படிந்தது. அது அவள் தலையைத் தடவியது, நெற்றியைத் தடவியது, கன்னத்தை ஏந்தியது. அந்தக் கைக்காக அவள் ஐம்பது வயதுவரை காத்திருந்தாள்.

"வாருணி," என்றார் ராஜா.

கை அவள் தோளில் இறங்கி, விரல்களைத் தேடியது. பத்மாசனி விரல்களை மடக்கிக்கொண்டாள்.

"கை ஏம்மா இவ்வளவு குளிரா இருக்கு? உன் கை எப்பவும் சூடாத்தானே இருக்கும்?"

அவள் மடக்கிய கையைப் புடைவைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"அக்கா வந்தாளா?"

அவளுக்குப் புரியவில்லை.

"பத்மாசனி வந்தாளான்னு கேட்டேன். கண்ணு தெரியலை. யார் யாரோ வராங்க, எதையோ வாயில ஊத்தறாங்க." மூச்சுக்கு இடையே சொற்கள் ஒவ்வொன்றாக வந்தன. "அவ வரட்டும். நீ ஒரு சொட்டு, அவ ஒரு சொட்டு. அதுக்குத்தான் வாயை மூடி வச்சிருக்கேன்."

அப்போதும் அவள் சொல்லியிருக்கலாம். விளக்கை ஏற்றி, தாழை நீக்கி, "இதோ இருக்கிறேன் அய்யா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

ஆனால் அவர் கை அவள் கன்னத்தில் இருந்தது. விளக்கு எரிந்தால் அந்தக் கை விலகும். கதவு திறந்தால் அந்தக் கை வேறு ஒரு கன்னத்துக்குப் போகும்.

"பத்மாசனி வரலை, நைனா," என்றாள். "வரவும் மாட்டா. நான் மட்டுந்தான் இருக்கேன்."

கை அவள் கன்னத்திலிருந்து வழுக்கி விழுந்தது. ராஜாவின் கண்ணோரம் ஈரமானதை அவள் விரல் உணர்ந்தது. நெடுநேரம் கழித்து, தோற்றவரைப் போல, அவர் வாயைத் திறந்தார்.

அவள் ஒரு சொட்டுப் பால் விட்டாள்.

தொண்டையில் அது இறங்கும் ஒலி கேட்டது. அதற்குப் பின் அந்த அறையில் அவளுடைய மூச்சு மட்டுமே இருந்தது.

இருளில் எவ்வளவு நேரம் அமர்ந்திருந்தாள் என்று அவளுக்குத் தெரியாது. எழுந்து பின்கதவைத் திறந்தாள். யாரும் இல்லை. சேற்றில் பதிந்த காலடிகள் மட்டும் இருந்தன; அவை கடலுக்குத் திரும்பவில்லை. சுவரை ஒட்டி, வீட்டைச் சுற்றிக்கொண்டு, முன்வாசலுக்குப் போயின.

வாசற்படியில் அவை முடிந்தன. செருப்பு வைத்த இடத்தில் செருப்பு இல்லை.

தெருவில் காரும் இல்லை.

மழைக்குள்ளிருந்து கெங்கம்மா நாலைந்து பேரோடு ஓடிவந்தாள். பத்மாசனியைக் கண்டதும் நின்று, மார்பில் அடித்துக்கொண்டாள்.

"இப்பத்தான் வந்தியா பாப்பா? கொஞ்சம் முன்ன வந்திருக்கக் கூடாதா? உங்கக்கா காருல போவுது, முக்குல பாத்தேன், நைனா பூட்டாருன்னு சொல்லிச்சு. அப்பன் செத்து ஒரு நிமிசம் நிக்கல. இன்னா பொம்பள அது!"

"கெங்கம்மா, நான்தான் பத்மாசனி."

கெங்கம்மா அருகே வந்து, நனைந்த புடைவையையும், முகத்தில் ஒட்டிய கூந்தலையும், இறுக மூடிய கைகளையும் பார்த்தாள். அவள் கண்களில் இரக்கம் நிறைந்தது. உடன் வந்த மீனவர் கோதண்டம் ஓரடி பின்வாங்கினார்.

"அழாத பாப்பா," என்றாள் கெங்கம்மா. "ஏன் அந்தப் பேரச் சொல்ற? உனுக்குன்னு நைனா வெச்ச பேரு கீது இல்ல?"

பத்மாசனி அவர்களைத் தள்ளிவிட்டு வெறுங்காலோடு ஓடினாள். தெருமுனையில் எஸ்.டி.டி. பூத் திறந்திருந்தது. வீட்டு எண்ணைச் சுழற்றினாள். கீழ்ப்பாக்கத்தில் மணி அடித்தது. அவளுடைய கணவர் கிருஷ்ணப்பன் எடுத்தார்.

"நான்தான் பேசறேன். உடனே வண்டியோட வாங்க."

"யாரும்மா நீங்க?"

"பத்மாசனி. என் குரல் தெரியலையா?"



"வேடிக்கை பண்ற நேரமா இது? அவ அப்பா தவறிட்டாரு. இப்பத்தான் அழுதுகிட்டே வந்து உக்காந்திருக்கா."

திருவொற்றியூரிலிருந்து கீழ்ப்பாக்கத்துக்கு அந்த மழையில் யாரும் இவ்வளவு விரைவாகப் போய்ச் சேர முடியாது. அதைச் சொல்ல அவள் வாயெடுத்தாள். அதற்குள் தொலைவில் ஒரு பெண் குரல், "யாருங்க போன்ல? இப்படிக் கொடுங்க," என்றது. தெளிவான, அடக்கமான, அரண்மனைப் பழக்கமுள்ள குரல். பத்மாசனியின் குரல்.

ரிசீவர் கைமாறிற்று. மூச்சு கேட்டது. பிறகு அந்தக் குரலே, கிருஷ்ணப்பன் காதில் விழாதபடி, மிகவும் தணிந்து பேசியது.

"அக்கா. நைனா கேட்டப்ப, வரலன்னு நீதான சொன்ன?"

இணைப்பு அறுந்தது.

அவள் பூத்தை விட்டு வெளியே வந்தாள். தெரு காலியாக இருந்தது. பாறைகளின் பக்கமிருந்து, பொழுது சாயும்போது விளையாடும் பிள்ளையை வீட்டுக்குள் அழைக்கும் ஒரு தாயின் குரல், அவசரமில்லாமல், அன்போடு, ஒரு பெயரைக் கூப்பிட்டது.

"வாருணி."

பத்மாசனி திரும்பிப் பார்த்தாள்.