மச்சாளின் பேர்

வீட்டு வளவு கூட்டப்பட்டிருந்தது. அன்னப்பூரணியின் கண்ணில் முதலில் பட்டது அதுதான்.

கல்குடாவிலிருந்து வாழைச்சேனைக்கு வந்து பஸ் பிடித்து, வழியில் இரண்டு சோதனைச் சாவடிகளில் இறங்கி அடையாள அட்டையை நீட்டியபடி வெயிலில் வரிசையாய் நடந்து, மறுபடி ஏறி, வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்துக்கு முன்னால் இறங்கியபோது பதினொரு மணியாகிவிட்டது. அங்கிருந்து மணல் ஒழுங்கையால் கால்மணி நேர நடை. அவளும் மாமன் மகளான மச்சாள் கண்ணகையும் பெட்டியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு போனார்கள். இரு புறமும், ஆறு வருடத்துக்கு முன்னர், தொண்ணூறுச் சண்டையில் ஓடிய சனங்கள் திரும்பி வராத வளவுகள். கூரையில்லாத சுவர்கள், சுவருக்குள் முளைத்த எருக்கலை, குப்பை மூடிய கிணறுகள். அவற்றுக்கு நடுவே இந்த ஒரு வளவு மட்டும் தண்ணீர் தெளித்து, ஈர்க்கு விளக்குமாற்றின் தடம் கோடு கோடாய்ப் பதிந்து கிடந்தது. ஈர மணல் மணத்தது. ஓட்டு வீட்டின் கதவு சாத்தியிருந்தது.

கூட்டியவளின் காலடி ஒன்றுகூட அந்தக் கோடுகளின் மேல் இல்லை.

“இதுக்குள்ள ஆரு மச்சாள் இருக்கிற?”

“ஒருத்தரும் இல்லகா. கிறுகிப் பாக்காம நட.”

அவர்கள் தங்கிய அறை ஒழுங்கையின் முடிவில், ஆச்சிப்பிள்ளையக்காவின் வீட்டில் இருந்தது. புருஷனைப் பறிகொடுத்த பிறகு மாணவிகளுக்கு அறை கொடுத்தும் இடியப்பம் அவித்து விற்றும் சீவிக்கிற மனுசி. அன்றிரவு சோறு போடும்போது அவள் தாழ்ந்த குரலில் சொன்னாள்.

“அந்த வளவடியால போகக்குள்ள ஆரும் ‘ஆரு புள்ள?’ எண்டு கேட்டா வாய் தொறந்திராத மனே. பேர் மட்டும் சொல்லிராத.”

“சொன்னா?”

“அந்தப் பேரச் சொல்லிக் கூப்பிடும். கூப்பிட்டா போகாம இருக்க ஏலாது.”

கண்ணகை சிரித்துக்கொண்டு தன் பொரித்த மீனில் பாதியைப் பிய்த்து அன்னப்பூரணியின் சோற்றுக் கோப்பையில் வைத்தாள். அப்படித்தான் எப்போதும். பாதியைக் கொடுத்துவிடுவாள். கொடுத்தபிறகும் அவளிடம் முழுதாய் இருப்பது போலவே தோன்றும்.

இருவரும் ஒரே வருடம் பரீட்சை எழுதியவர்கள். மூன்று புள்ளி குறைந்து அன்னப்பூரணி நின்றுவிட, கண்ணகை வளாகத்துக்குப் போனாள். ஊர் முழுக்க அந்தப் பேச்சு. அடுத்த வருடம் மறுபடி எழுதி அன்னப்பூரணியும் எடுபட்டபோது, அது பழைய செய்தி போல ஆகிவிட்டிருந்தது.

முதல் வாரம் முழுவதும் கண்ணகை அவளைக் கூட்டிக்கொண்டு திரிந்தாள். நூலகம், சிற்றுண்டிச்சாலை, பின்வேலியில் ஆள் நுழைகிற பொட்டு, அதைத் தாண்டினால் கண்ணுக்கெட்டிய தூரம் பச்சை வயல்வட்டை, வட்டைக்கு அப்பால் வெயிலில் தகடாய் மினுங்கும் வாவித் தண்ணீர். எங்கே போனாலும் கண்ணகையை எல்லோருக்கும் தெரிந்திருந்தது. சிற்றுண்டிச்சாலைக்காரர் அவளுக்கு ஒரு வடை கூடுதலாய் வைத்தார். செங்கலடிச் சந்தைக்குப் போகிற வழியில் காவல் நின்ற சிப்பாய்கூட “கண்ணகை நங்கி” என்று சிங்களத்தில் தங்கச்சி முறை சொல்லிச் சிரித்து அவளை விட்டுவிட்டு, அன்னப்பூரணியின் பையை மட்டும் மேசையில் கவிழ்த்துக் கொட்டினான். உள்பாவாடை, சீப்பு, மருந்துப் புட்டி. அவள் ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பைக்குள் போடும்வரை கண்ணகை தன் குடையை அவள் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றாள்.

வளாகத்தில் அன்னப்பூரணிக்கென்று ஒரு பேர் இருக்கவில்லை. “கண்ணகைட மச்சாள்” என்றார்கள்.

அதையும் பொறுத்துக்கொண்டிருப்பாள். ஆனால் யோகராசா இருந்தான். வாழைச்சேனை ரியூசன் வகுப்பில் இரண்டு வருடம் அவள் பார்த்துக்கொண்டே இருந்தவன்; இப்போது மூன்றாம் வருடம். மூத்த மாணவனென்று ‘அண்ணன்’ போட்டுக் கூப்பிட வேண்டியிருப்பதே அவளுக்குத் தொண்டையில் முள். ஒரு வியாழக்கிழமை மதியம் மரநிழலில் அவளைத் தேடி வந்து நின்றான். அவள் அவசரமாய்க் கூந்தலை ஒதுக்கிக்கொண்டாள்.

“தங்கச்சி, இத மச்சாளிட்டக் குடுப்பீங்களா?”

நான்காய் மடித்த கடதாசி. ஒட்டியிருக்கவில்லை. ஒழுங்கைக்குள் திரும்பியதும் பிரித்தாள். இரண்டே வரி. *அம்மாவிடம் சொல்லிவிட்டேன். தை பிறந்ததும் உங்கள் வீட்டுக்கு வருவா.*

பிற்பகல் இரண்டு மணி. மணல் செருப்பைத் தாண்டிச் சுட்டது. ஒரு காகம்கூட இல்லை. கடிதத்தைக் கைக்குள் கசக்கியபடி நடந்தவளின் காதில், முதலில் தன் பாவாடை உரசுவது போலவும் பிறகு யாரோ பெருமூச்சு விடுவது போலவும் பிறகு தெளிவாகவும், விளக்குமாறு மணலைக் கூட்டுகிற சத்தம் விழுந்தது. சர்ர். சர்ர். அவள் நின்றாள். சத்தமும் நின்றது. வளவில் ஒருவரும் இல்லை. சாத்திய கதவுக்குப் பின்னாலிருந்து தேங்காயெண்ணெய் மணம், நாள்பட்டுக் காறின மணம், மெல்ல வந்தது.

“ஆரு புள்ள?”

பெண் குரல். வயதில்லாத, களைத்த, அன்பான குரல். தேடித் தேடி அலுத்த குரல்.

ஓடியிருக்கலாம். கால்கள் அதற்குத் தயாராகத்தான் இருந்தன. பேர் சொல்லக்கூடாது என்பது நினைவிருந்தது. யார் யாரோ காட்டிக்கொடுத்த பேர்களால் அந்த வருடங்களில் எத்தனை வீடுகள் காலியாயின என்பதும் அவளுக்குத் தெரியும்.

“கண்ணகை,” என்றாள்.

பிறகு உள்ளே யாரோ அந்தப் பேரை ஒருமுறை, சுவைத்துப் பார்ப்பது போல, முணுமுணுத்தார்கள்.

அன்று பொழுதுபட, படித்துக்கொண்டிருந்த கண்ணகை தலையைத் தூக்கினாள்.

“கூப்பிட்டியா பூரணி?”

“இல்லையே.”

கொஞ்ச நேரத்தில் மறுபடி கேட்டாள். அன்னப்பூரணி மறுபடி இல்லையென்றாள். மூன்றாம் முறை கண்ணகை கேட்கவில்லை. சன்னல் பக்கம் காதைச் சாய்த்தபடி இருந்தாள்.

அடுத்த நாள் அவள் விரிவுரைக்குப் போகவில்லை. சாப்பிடவில்லை. வாரிக் கட்டாத கூந்தல் முதுகில் கிடந்தது. அந்தத் தலையிலிருந்து காறின எண்ணெய் மணம் வந்தபோது அன்னப்பூரணி எழுதிக்கொண்டிருந்த கொப்பியை மூடினாள். சொல்லிவிட வேண்டும். இப்போதே. ஆச்சிப்பிள்ளையக்காவிடமாவது சொன்னால் கோயிலில் நூல் கட்டுவாள், ஊருக்கு அனுப்புவாள், ஏதாவது செய்வாள். “மச்சாள், நான் ஒண்டு...” என்று தொடங்கினாள்.

வேலியடியில் சைக்கிள் மணி அடித்தது. யோகராசா. கையில் தோடம்பழப் பை. “கண்ணகைக்குச் சுகமில்லையாமே? இப்ப எப்பிடி?” அன்னப்பூரணியின் தோளுக்கு மேலால், அறைக் கதவைப் பார்த்தே கேட்டான். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை அவள் முகத்தைப் பார்த்திருந்தாலும்.

பையை வாங்கிக்கொண்டாள். சொல்ல வந்ததை விழுங்கிவிட்டாள். கடிதம் அவளுடைய கொப்பிக்குள்ளேயே கிடந்தது.

மூன்றாம் நாள் அன்னப்பூரணி வளவடியை நிமிர்ந்து பாராமல் கடந்து வளாகத்திலிருந்து திரும்பியபோது ஐந்தரை தாண்டியிருந்தது. ஆறு மணிக்குப் பிறகு அந்தப் பக்கம் யாரும் வெளியே நிற்பதில்லை. ஆச்சிப்பிள்ளையக்கா வேலிப் படலையைக் கட்டக் கயிறோடு நின்றாள். அவளைக் கண்டதும் முகம் மாறியது.

“நீ தனியவா வாறாய்? கண்ணகை எங்க?”

“அறைக்க இல்லையா?”

“உன்னக் கூட்டி வரத்தானே போனவள். ஒழுங்கையில நிண்டு நீ கூப்பிட்டியாம். எனக்கும் கேட்டது மனே, உன்ட குரல்தான்.”

பையைப் போட்டுவிட்டு ஓடினாள். பின்னால் ஆச்சிப்பிள்ளையக்கா கத்தினாள். வட்டைப் பக்கம் வானம் சிவந்து கறுத்துக்கொண்டு வந்தது. தவளைகள் கத்தின. வளவடிக்கு வந்ததும் அவையும் ஓய்ந்தன.

கோடு போட்ட மணலில் காலடிகள். ஒரு சோடி. கண்ணகையுடையவை. உள்ளே போனவை மட்டும்.

கதவு திறந்திருந்தது.

“மச்சாள்.” மணலுக்குள் இறங்கினாள். “மச்சாள், வெளிய வா. நான்தான் உன்ட பேரச் சொன்ன. நான்தான்.”

உள்ளே ஒரு மெல்லிய சத்தம். நூல் அறுவது போல. மறுபடி. மறுபடி.

வாசலில் கை வைத்து எட்டிப் பார்த்தாள்.

பாய் விரித்திருந்தது. கண்ணகை இருந்தாள். கால் மடித்து, முதுகை இருட்டுக்குக் காட்டி, கண்ணை மூடி. இருட்டிலிருந்து இரண்டு கைகள் மட்டும் நீண்டு வந்து அவள் தலை வாரின. தண்ணீரில் ஊறிய கைகள். அளவுக்கு மீறி நீளம். விரல்கள் கூந்தலுக்குள் போயின. வந்தன. ஒவ்வொரு முறையும் ஒரு பிடி மயிர், வேரோடு, தோலோடு, வயலில் களை பிடுங்கியது போலக் கழன்று வந்தது. பாயில் குவியலாய்க் கிடந்தது. பாதித் தலை வெறுமையாய், ஈரமாய் மினுங்கியது.

கண்ணகை சிரித்துக்கொண்டிருந்தாள். நோவில்லாத சிரிப்பு. மடியில் படுத்த பிள்ளையின் சிரிப்பு.

“என்ட மகள்,” என்றது களைத்த குரல். “என்ட மகள். என்ட கண்ணகை.”

கத்த வேண்டும். ஓட வேண்டும். இழுத்துக்கொண்டு ஓட வேண்டும். எல்லாம் தெரிந்தது. அத்தனை பயத்துக்கும் அடியில், அவளுக்கே தெரிந்த அந்தப் பழைய எரிச்சல் நெஞ்சுக்குள் தலை தூக்கியது.

இங்கேயும். இங்கேயும் அவளைத்தான்.

ஒரு கை வாருவதை நிறுத்தியது. மெதுவாகத் தாழ்ந்தது. கண்ணகைக்குப் பக்கத்தில், வெறும் பாயில், வா என்பது போல இரண்டு தரம் தட்டியது.

“நீ ஆரு புள்ள?”

அன்னப்பூரணி வாசலில் நின்று செருப்பைக் கழற்றினாள்.