எட்டாம் வீட்டுக் குளிர்

சுவரிலிருந்த குளிர்மானி திடீரென்று அலறியது. "ஏழாம் எண் வீடு. மிகைக்குளிர் கண்டறியப்பட்டது. பரிசோதகர் வாசலில் இருக்கிறார்."

ஜெசிந்தா வாசலுக்கு ஓடவில்லை. பால்கனிக்கு ஓடிக் கண்ணாடிப் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். ஐந்து தொட்டிகளிலும் ஃப்ரீசியா என்ற வாசனைப் பூச்செடியின் புல் போன்ற இலைகள். நடுத்தொட்டியில் மட்டும், கொக்கியாக வளைந்த தண்டில் பச்சை மொட்டுகள். ஏழு. நேற்று ஆறுதான். எண்ணி முடித்த பிறகே போய்க் கதவைத் திறந்தாள்.

குளிர்வாரியச் சீருடையில் ஓர் இளம்பெண். மார்பில் நஸ்ரின் என்ற பெயர் வில்லை. நேராகப் பெட்டியிடம் போய் நின்றாள்.

"செடிக்கா குளிரு? அக்கா, மனுஷங்களுக்கே பத்தலை."

"என் பங்குதாம்மா. நான் வேர்த்துக்கிறேன், உனக்கென்ன?"

மார்கழி மாதம், வெளியே நாற்பத்தொரு டிகிரி. வேலூரில் ஆளுக்கு ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம் குழாயில் குளிர்காற்று வரும். அதுதான் குளிர்ப்பங்கு. ஜெசிந்தா ஒரு மணி நேரத்தைத் தனக்கு வைத்துக்கொண்டு இரண்டைத் தொட்டிகளுக்குத் திருப்பிவிட்டாள். குளிர்ந்தால்தான் ஃப்ரீசியா மொட்டு விடும். சூடு பட்டால் மொட்டு அப்படியே கருகிவிடும்.

"நீங்க விடுறது ரெண்டு மணி நேரம். பெட்டிக்குள்ள போறது மூணு. மிச்சம் எங்கிருந்து வருது?"

"சத்தியமா தெரியாதும்மா. போன வருஷம் ஒரே ஒரு கொத்து, அதுவும் நோஞ்சான். இந்த வருஷம் எப்படி இவ்வளவு திடமா வருதுன்னு நானே யோசிச்சேன்."

நஸ்ரின் தடங்காட்டியைச் சுவரோடு நகர்த்தினாள். ஓரிடத்தில் அது பச்சையாக ஒளிர்ந்தது. "எட்டாம் வீட்டுக் குழாய்ல இருந்து வருது. தினமும் நாலுலருந்து அஞ்சு. அந்த வீட்டுக்காரர் கொடுத்தேன்னு கையெழுத்துப் போட்டா தானம். இல்லேன்னா திருட்டு. உங்க லைனை ஒரு மாசம் மூடணும்."

ஒரு மாதத்தைப் பொதுக்குளிர் மண்டபத்தில் உட்கார்ந்து ஜெசிந்தா ஓட்டிவிடுவாள். மொட்டுகள் ஒரு நாள்கூடத் தாங்காது.

அதுவும் எட்டாம் வீடு! லிஃப்ட் மெக்கானிக் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற தனுஷ்கோடி அவளோடு பேசி நான்கு வருடமாகிறது. அவர் மனைவி சுலோச்சனா அந்த வருடக் கோடையில் இறந்தாள். அவள் வளர்த்த ஃப்ரீசியா காய்ந்துபோனதைப் பார்த்து, தொட்டிகளைக் குப்பையில் போட்டுவிட்டார் மனுஷன். "அது சாகலைண்ணே! வெயில் காலத்துல கிழங்கு மண்ணுக்குள்ள தூங்கும். இதுகூடத் தெரியாதா?" என்று மாடிப்படியில் நாலு பேர் முன்னால் கத்தினாள் ஜெசிந்தா. சுலோச்சனா போய்ப் பத்தே நாள் ஆகியிருந்தது. அவர் கதவைச் சாத்திக்கொண்டார். குப்பையிலிருந்து அவள் பொறுக்கி எடுத்த கிழங்குகள்தாம் இவை. திருப்பிக் கொடுக்கவும் முகமில்லை, சொல்லவும் முகமில்லை.

நஸ்ரின் எட்டாம் வீட்டு மணியை அடித்தாள். ஜெசிந்தா அவள் பின்னால் போய் நின்றாள். தோளில் துண்டோடு, வியர்வை சொட்டச் சொட்ட வந்து நின்றார் தனுஷ்கோடி. விஷயத்தைக் கேட்டதும் ஒரே வார்த்தை சொன்னார்.

"லீக்கு."

"தினமும் கரெக்டா நாலு மணிக்கா ஐயா?"

"பழைய குழாய். அதுக்கு நேரம் தெரியும்."

நஸ்ரின் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "லீக்குன்னு எழுதினா ரெண்டு வீட்டு லைனையும் மூடணும். அந்தச் செடி போயிடும்."

அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். நான்கு வருடத்தில் முதல்முறையாக ஜெசிந்தாவை நிமிர்ந்து பார்த்தார். பிறகு நஸ்ரினிடமிருந்து தானப் படிவம் இருந்த பலகையை வாங்கினார்.

"பெறுபவர்னு போட்டிருக்கே. ஆளு பேருதான் எழுதணுமா? ஃப்ரீசியான்னு எழுதலாமா?"

"எழுதுங்க ஐயா. வாரியத்துல யார் படிக்கப் போறாங்க?"

கையெழுத்துப் போட்டார். குளிர்மானியின் அலறல் நின்றது. ஜெசிந்தா ஓரடி முன்னால் வந்தாள்.

"அண்ணே… அது யார் வீட்டுச் செடின்னு உங்களுக்கு…"

தனுஷ்கோடி பலகையைத் திருப்பிக் கொடுத்தார். "போன தை மாசம் ஒருநாள் விடியக்காலையில செவுத்துக்கு அந்தப் பக்கத்துலருந்து அந்தப் பூ வாசனை வந்துச்சும்மா. காபி போட சுலோதான் எழுந்துட்டாளோன்னு அடுப்படிக்குப் போய்ப் பார்த்தேன்."