வாளியில் ஓர் இழுப்பு

வாளியில் குமிழியிடும் சத்தம்தான் முதலில் மாறியது.

ஆலை நடுவே நின்ற அந்த இரும்புத் தொட்டி ஒரு தின்னிப்பண்டாரம். வைக்கோல், கரும்புச் சக்கை, காகிதம், கந்தல் என்று எதைக் கொட்டினாலும், உள்ளே இருக்கும் பூஞ்சையும் ஈஸ்டும் கூடிக் கரைத்து, வண்டிக்கு ஊற்றுகிற எரிசாராயமாக்கிவிடும். சுவரொட்டியைக் கண்டால்கூட அதற்கு எச்சில் ஊறும் என்று ஆலை முழுக்கப் பேச்சு. தின்ற களைப்பில் அது விடும் காற்று குழாய் வழியே வந்து வாளித் தண்ணீரில் கொப்பளிக்கும். அந்தச் சத்தத்தை வைத்தே அதன் உடம்பு எப்படி இருக்கிறது என்று சொல்லிவிடுவாள், அதை மேய்க்கிற தொட்டியக்கா.

இன்று பொழுது சாயும் நேரம், சத்தம் திக்கியது. இழுத்து, நின்று, ஒரு கீச்சோடு மறுபடி இழுத்தது. போன மழைக்காலம் முழுக்க மகளை மடியில் கிடத்திக்கொண்டு அவள் கேட்ட அதே இழுப்பு. மழையும் போனது, மகளும் போனாள்.

"என்னக்கா, உங்க பெரிய பிள்ளைக்குச் சளியா?" என்றார் ஷிப்ட் பொறுப்பாளர். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். "வேற கிருமி ஏதோ நுழைஞ்சிருச்சு. நீராவியைத் திறந்து மொத்தத்தையும் கொன்னுடுங்க."

"கொல்லணுமா?"

"பின்ன, கொஞ்சணுமா?" என்றபடி அவர் தேநீருக்கு நடையைக் கட்டினார்.

தொட்டிக்குள் என்ன கிடக்கிறது என்று அவருக்குத் தெரியாது. "யாராவது பிள்ளைக்குக் குடுத்துடலாம்" என்று கணவன் அலமாரியைத் திறந்த அன்று, வேறொரு குழந்தை அவற்றைப் போட்டுக்கொண்டு தெருவில் ஓடுவதைப் பார்க்கத் தெம்பில்லாமல், மகள் பிறந்ததிலிருந்து போட்ட சட்டை, கவுன்களையெல்லாம் வாரிவந்து இந்த வாய்க்குள்தான் போட்டிருந்தாள். பருத்திதானே. தின்றுவிடும்.

நீராவி வால்வில் கை வைத்தாள். குழாய்கள் முனகின. புளித்த வாடைக்கு நடுவே வேறொரு வாடை. சரியாகத் துவட்டாத பிள்ளைத்தலை.

இழுப்பு நின்றது.

"குட்டி?"

ஒரு குமிழி. ஒன்றே ஒன்று.

வால்வை விட்டாள். மூடியின் திருகுகளைக் கழற்றினாள். மூடி நகர்ந்தது.

பழுப்புக் கூழில் கவுன் மிதந்தது. துணி இல்லை. துணியைத் தொட்டி தின்றிருந்தது. தின்ன முடியாத நைலான் தையல் மட்டும் மிச்சம். கழுத்து, தோள், இடுப்புச் சுருக்கம். பென்சிலால் வரைந்தது போல. அந்தக் கோடுகளுக்குள் ஏதோ வளர்ந்திருந்தது. வெளுப்பாக. வழுவழுப்பாக. நிறைய.

கழுத்து அவள் பக்கம் திரும்பியது. மேலே தலை இல்லை.

இரண்டு கைகளும் மெல்ல உயர்ந்தன. தூக்கச் சொல்லி.

அவள் குனிந்தாள்.

அதன் பின்னால் இன்னொன்று எழுந்தது. அதைவிடச் சின்னது. அதற்கும் பின்னால், பிறந்த மாதத்துச் சட்டை. உள்ளங்கை அகலம்.

எல்லாம் கையை உயர்த்திக்கொண்டு.